பழுதின் வேரைத் தேடிய பெண்ட்லி

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (இயற்பியல்) மாணவன்

நோய் இன்னதென்று அறிந்தால் மட்டும் போதாது. அந்நோய் எதனால் வந்தது என்பதையும் ஆராய்ந்த பின்னரே மருந்து கொடுக்க வேண்டும் என்று மருத்துவனுக்கு வழி சொன்னார் வள்ளுவப் பெருந்தகை. அந்த அறிவுரை மனித உடலுக்கு மட்டும் உரியதன்று. மனிதன் படைத்த இயந்திரத்துக்கும் உரியது. இந்த உண்மையை நான் முதலில் கற்றது வகுப்பறையில் அன்று. எண்ணெயும் கரியும் படிந்த ஒரு பட்டறையில்.

என் தந்தையார் லாரிப் பட்டறை ஒன்றில் மெக்கானிக்காக வேலை செய்கிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான் ஒருவனே. விடுமுறை நாட்களில் ஸ்பானர் எடுத்துக் கொடுக்கும் கையாளாக அவருடன் செல்வேன். சென்ற கோடை விடுமுறையில் ஒரு லாரி ஒரே குறையோடு மூன்று முறை வந்தது. எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் மேனிபோல்டு பொருந்தும் இடத்தில் கேஸ்கட் எரிந்துபோய், வண்டி படபடவென்று ஓசை எழுப்பிக்கொண்டு வந்து நின்றது. ஒவ்வொரு முறையும் புதிய கேஸ்கட் போட்டோம். ஒவ்வொரு முறையும் சில வாரங்களில் அது எரிந்தது. மேனிபோல்டின் முகம் வளைந்திருக்கிறது, லேத்தில் கொடுத்துச் சீவிச் சமமாக்க வேண்டும் என்று தந்தையார் முதல் நாளே சொன்னார். வண்டி இரண்டு நாள் சும்மா நிற்குமே என்று உரிமையாளர் இணங்கவில்லை. மூன்றாம் முறை வந்தபோது, மலிவான கேஸ்கட்டைப் போட்டு ஏமாற்றிவிட்டதாகப் பலர் நடுவே பேசிவிட்டு, கூலியும் கொடுக்காமல் போய்விட்டார். தந்தையார் பதில் ஒன்றும் சொல்லவில்லை. அன்றிரவு அவர் சரியாக உண்ணவில்லை என்பதை மட்டும் நான் அறிவேன்.

அந்த மனக்குறையோடு இருந்த நாட்களில்தான், நூலகத்திலிருந்து எடுத்து வந்த மோட்டார் வரலாற்று நூல் ஒன்றில் பெண்ட்லியின் வாழ்க்கையைப் படித்தேன். உலகப் புகழ்பெற்ற பந்தயக் கார்களைப் படைத்த அந்த ஆங்கிலேயப் பொறிஞர், தம் வாழ்நாள் முழுவதும் செய்தது என் தந்தையார் சொன்ன அதே வேலைதான்: பழுதை மூடாமல், பழுதின் வேரைத் தேடினார். ஆகவே அவருடைய வாழ்க்கையை நம் கல்லூரித் தோழர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

பிறப்பும் இளமையும்

வால்டர் ஓவன் பெண்ட்லி 1888-ஆம் ஆண்டு செப்டம்பர் 16-ஆம் நாள் லண்டன் மாநகரின் ஹாம்ப்ஸ்டெட் பகுதியில் பிறந்தார். ஒன்பது மக்களில் இவரே கடைக்குட்டி. பிற்காலத்தில் நண்பரும் தொழிலாளரும் இவரைப் பெயரின் முதலெழுத்துகளால் ‘டபிள்யூ. ஓ.’ என்றே அழைத்தனர். தந்தை வணிகம் செய்து ஓய்வு பெற்றவர். வறுமை அறியாத வீடு. பிரிஸ்டல் நகரத்து கிளிஃப்டன் பள்ளியில் படிக்க அனுப்பினர். ஆயினும் சிறுவனின் மனம் ஏட்டில் தங்கவில்லை. இருப்புப்பாதையில் ஓடும் நீராவி எஞ்சின்களையே சுற்றிச் சுற்றி வந்தது.

தம் 16-ஆம் வயதில் பள்ளியை விட்டு, டான்காஸ்டர் நகரில் இருந்த கிரேட் நார்தர்ன் ரயில்வே தொழிற்சாலையில் பயிற்சியாளராகச் சேர்ந்தார். இப்பயிற்சிக்குச் சம்பளம் வாங்கிக்கொண்டு சேர்வதில்லை. பணம் கட்டிச் சேர வேண்டும். வசதியான வீட்டுப் பிள்ளை என்பதற்காக அங்கே எவரும் சலுகை காட்டவில்லை. அரம் பிடித்து இரும்பைச் சமமாக்குவது, வார்ப்படம் ஊற்றுவது, கொதிகலன் பூட்டுவது என ஒவ்வொரு வேலையையும் கைபழகிக் கற்றார். பயிற்சியின் இறுதிக் கட்டத்தில் விரைவு வண்டிகளில் கரியள்ளிப் போடும் உதவியாளராகவும் ஓடினார். லண்டனிலிருந்து லீட்ஸ் சென்று திரும்பிய நெடுந்தொலைவு ஓட்டத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 7 டன் கரி தீரும். ஓர் எஞ்சினுக்குத் தீனி போட்டவனுக்குத்தான் அதன் பசி தெரியும். நெருப்பு, வெப்பம், உலோகம் ஆகிய மூன்றின் குணத்தையும் பெண்ட்லி தம் தோள்வலியின் வழியாகவே அறிந்துகொண்டார்.

அதன் பின்னர் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் பொறியியற் கோட்பாடுகளைப் பயின்றார். முதலில் கை, பின்னர் ஏடு என்ற இந்த வரிசையை நாம் கவனிக்க வேண்டும். நம்மில் பெரும்பாலோர்க்கு இவ்வரிசை தலைகீழாக அமைகிறது. சிலருக்குக் கை என்ற பகுதி வருவதேயில்லை.

வாடகைக் கார்களும் வேகப் பித்தும்

இருப்புப்பாதைத் தொழிலில் முன்னேற நெடுங்காலம் ஆகும் என்று கண்ட பெண்ட்லி, லண்டனில் வாடகைக் கார்கள் நடத்திய ஒரு நிறுவனத்தில் சேர்ந்தார். யூனிக் என்ற பிரெஞ்சு நாட்டுக் கார்கள் 250 அங்கே ஓடின. அவற்றைப் பழுது பார்த்து ஓடும் நிலையில் வைத்திருப்பது அவர் மேற்பார்வையில் நடந்தது. மீட்டரில் ஓட்டுநர்கள் செய்த தந்திரங்களைக் கண்டுபிடிப்பதும் அவ்வேலையின் ஒரு பகுதியாக இருந்தது. அத்தந்திரங்களின் நுட்பத்தைக் கண்டு அவர் உள்ளூர வியந்தாராம். ஒரே வகையான 250 வண்டிகளை நாள்தோறும் பார்ப்பவனுக்கு ஒரு பெரும் பேறு உண்டு. ஒரு வண்டியில் ஒரு முறை நேர்வது விபத்து. பல வண்டிகளில் ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் நேர்வது அமைப்பின் குறை. இவ்வேறுபாட்டைப் பிரித்தறியும் கண் பின்னாளில் அவருக்கு மிகவும் பயன்பட்டது.

இதற்கிடையே மோட்டார் சைக்கிள் பந்தயத்திலும் இறங்கினார். 1909, 1910 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் மான் தீவில் நடந்த புகழ்பெற்ற பந்தயத்தில் கலந்துகொண்டார். இரண்டிலும் ஓட்டத்தை முடிக்கவில்லை. வேகமாக ஓடுவது வேறு, ஓடி முடிப்பது வேறு என்னும் பாடம் அவருக்கு அங்கே கிடைத்தது.

மேசை மேல் கிடைத்த ஞானம்

1912-ஆம் ஆண்டில் தம் அண்ணனுடன் கூட்டுச் சேர்ந்து, டி.எஃப்.பி. என்ற பிரெஞ்சுக் கார்களை லண்டனில் விற்கத் தொடங்கினார். கார் நல்ல கார்தான், வேகம் போதவில்லை. 1913-இல் அந்நிறுவனத்தின் தொழிற்சாலைக்குச் சென்றிருந்தபோது, அலுவலக மேசை மேல் தாள்கள் பறக்காமல் இருக்க வைத்திருந்த ஒரு சிறு பொருள் அவர் கண்ணில் பட்டது. அது அலுமினியத்தால் செய்த பிஸ்டன் வடிவ பொம்மை. வேறொருவர் அதை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்திருப்பார். பெண்ட்லியோ, இதை ஏன் உண்மையான பிஸ்டனாகவே ஆக்கக் கூடாது என்று எண்ணினார்.

அக்காலத்தில் பிஸ்டன்கள் வார்ப்பிரும்பாலோ எஃகாலோ ஆனவை. அலுமினியம் ஏறத்தாழ 660 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். எரியும் வாயுவின் வெப்பமோ அதைவிடப் பன்மடங்கு. ஆகவே அலுமினியப் பிஸ்டன் உருகிப்போகும் என்று பலர் அஞ்சினர். அவர்கள் மறந்தது ஒன்று. அலுமினியம் வெப்பத்தை வார்ப்பிரும்பைவிடப் பன்மடங்கு விரைவாகக் கடத்தும். வாங்கும் வெப்பத்தைத் தேக்கிக்கொள்ளாமல் சிலிண்டர் சுவருக்கு உடனே கொடுத்துவிடுவதால், அலுமினியப் பிஸ்டனின் தலை இரும்புப் பிஸ்டனின் தலையைவிடக் குளிர்ச்சியாகவே இருக்கும். எடையும் மிகக் குறைவு. 88 பங்கு அலுமினியமும் 12 பங்கு செம்பும் சேர்ந்த கலவையில் பிஸ்டன்கள் வார்க்கப்பட்டன. அவற்றைப் பூட்டிய டி.எஃப்.பி. கார் 1913, 1914 ஆண்டுகளில் புரூக்லண்ட்ஸ் ஓடுபாதையில் பல வேகச் சாதனைகளை நிகழ்த்தியது.

போர்க்களத்தில் ஒரு பொறிஞர்

1914-இல் முதல் உலகப் போர் மூண்டது. அலுமினியப் பிஸ்டன் வானூர்திகளுக்கு எத்துணை பயன்படும் என்பதை உணர்ந்த பெண்ட்லி, அதைத் தம் வணிக இரகசியமாக வைத்துக்கொள்ளாமல் கடற்படைத் தலைமையகத்திடம் சென்று சொன்னார். கடற்படையின் வானூர்திப் பிரிவில் அவருக்குப் பதவி கொடுத்து, எஞ்சின் செய்யும் நிறுவனங்களுக்கெல்லாம் சென்று இதை எடுத்துரைக்கும்படி அனுப்பினர். ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனமும் தன் வானூர்தி எஞ்சினில் இம்முறையை ஏற்றுக்கொண்டது.

அடுத்து அவர் கையில் வந்தது கிளெர்ஜே என்ற சுழல் எஞ்சின். இவ்வகை எஞ்சினில் நடு அச்சு நிலையாக நிற்க, சிலிண்டர்கள் அனைத்தும் விசிறியோடு சேர்ந்து சுழலும். சுழலும்போது ஒவ்வொரு சிலிண்டரின் முன்பக்கத்தில் காற்று நேராக மோதிக் குளிர்விக்கும். பின்பக்கம் காற்றின் மறைவில் வெப்பமாகவே இருக்கும். ஒரு பக்கம் குளிர்ச்சி, மறுபக்கம் வெப்பம். விளைவு, வட்டமான சிலிண்டர் வட்டமாக நிற்காமல் கோணிக்கொள்ளும். கோணிய சிலிண்டரில் வாயு கசியாமல் காக்க, பிஸ்டனில் மெல்லிய உலோக வளையம் ஒன்றைப் பொருத்தியிருந்தனர். அவ்வளையம் அடிக்கடி உடைந்தது. உடைந்தால் எஞ்சின் வானத்திலேயே நிற்கும் அபாயம்.

பெண்ட்லி, உறுதியான வளையம் செய்யும் வழியைத் தேடவில்லை. வளையம் ஏன் தேவைப்பட்டது என்று கேட்டார். சிலிண்டர் கோணுவதால். சிலிண்டர் ஏன் கோணுகிறது? வெப்பம் சமமாகப் பரவாததால். ஆகவே வெப்பத்தை எல்லாப் பக்கமும் விரைந்து பரப்பும் அலுமினியத்தால் சிலிண்டரைச் செய்து, உள்ளே வார்ப்பிரும்பு உறையைப் பொருத்தினார். கோணல் குறைந்தது, உடையும் வளையத்துக்கு வேலையில்லாது போயிற்று. காவென்ட்ரி நகரில் ஹம்பர் தொழிற்சாலையில் உருவான அந்த எஞ்சின் பி.ஆர்.1 என்ற பெயரில் சாப்வித் கேமல் என்ற போர் விமானங்களில் பறந்தது. அதைவிடப் பெரிய பி.ஆர்.2 பின்னர் வந்தது. இப்பணிக்காக அரசின் பட்டமும், பிற்பாடு 8,000 பவுன் பரிசும் அவருக்குக் கிடைத்தன. எத்தனை விமானிகள் அந்த எஞ்சினை நம்பிப் பறந்து உயிரோடு மண்ணில் இறங்கினர் என்பதை எண்ணிப் பார்த்தால், பவுன் கணக்கு சிறிதாகத் தோன்றும்.

கேஸ்கட்டே இல்லாத எஞ்சின்

1919-இல் உலகெங்கும் பரவிய கொடிய காய்ச்சலுக்கு அவருடைய இளம் மனைவி பலியானார். அதே ஆண்டில்தான் பெண்ட்லி மோட்டார்ஸ் நிறுவனம் பிறந்தது. லண்டன் பேக்கர் வீதியை ஒட்டிய ஒரு சந்தில், சிறு கொட்டகையில், 1919 அக்டோபரில் முதல் எஞ்சின் உயிர்பெற்று உறுமியது. 80 மி.மீ. விட்டமும் 149 மி.மீ. நீள வீச்சும் உடைய நான்கு சிலிண்டர்கள். ஒவ்வொரு சிலிண்டருக்கும் நான்கு வால்வுகள், இரண்டு ஸ்பார்க் பிளக்குகள். மொத்தக் கொள்ளளவு ஏறத்தாழ 3 லிட்டர். அதுவே அந்தக் காரின் பெயராகவும் ஆயிற்று. 1921 செப்டம்பரில் முதல் கார் உரியவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. ஐந்தாண்டு உத்தரவாதத்தோடு இக்கார்கள் விற்கப்பட்டன.

இந்த எஞ்சினில் ஒரு புதுமை. பொதுவாக எஞ்சின்களில் சிலிண்டர் பகுதி தனி, அதன் மேல் மூடும் ஹெட் தனி. இரண்டுக்கும் நடுவே ஒரு கேஸ்கட் வைத்து போல்ட்டுகளால் முடுக்குவர். எரியும் வாயுவின் அழுத்தமும் வெப்பமும் அந்தக் கேஸ்கட்டைத்தான் முதலில் தாக்கும். அக்காலத்துக் கேஸ்கட்டுகள் அடிக்கடி எரிந்து போயின. பெண்ட்லி நல்ல கேஸ்கட்டைத் தேடி அலையவில்லை, இணைப்பையே எடுத்துவிட்டார். சிலிண்டரையும் ஹெட்டையும் ஒரே வார்ப்பாக ஊற்றினார். இணைப்பு இல்லாத இடத்தில் கசிவு ஏது?

ஆனால் எந்தத் தீர்வுக்கும் ஒரு விலை உண்டு. ஹெட்டைத் தனியே கழற்ற முடியாது என்பதால், வால்வுகளைத் தேய்த்துச் சீர்செய்யும் சிறிய வேலைக்குக்கூட, சிலிண்டர் தொகுதி முழுவதையும் கீழ்ப்பகுதியிலிருந்து தூக்கி எடுத்தாக வேண்டும். எப்போதோ வரும் பெரிய வேலையை ஏற்றுக்கொண்டு, எந்நேரமும் வரக்கூடிய பழுதை நீக்கினார் பெண்ட்லி. நெடுந்தொலைவு ஓட வேண்டிய காருக்கு அதுவே தக்க பேரம்.

நீக்கப்படாத இணைப்பு

ஹெட் கேஸ்கட்டை ஒழிக்க முடிந்தது. ஆனால் எரிந்த புகை வெளியேறும் மேனிபோல்டு எஞ்சினோடு ஒரே வார்ப்பாக ஊற்றப்படவில்லை. அது தனிப் பொருளாக இருந்து, போல்ட்டுகளால்தான் பொருத்தப்பட்டது. பழைய ஸ்போர்ட்ஸ் கார்களை அருமையாகப் பேணி வருகிறவர்கள் இன்றும் இந்த இணைப்போடுதான் போராடுகின்றனர். புதுக் கேஸ்கட் போட்ட சில நூறு மைல்களில் மீண்டும் கசியும், மீண்டும் போடுவர், மீண்டும் கசியும். இதன் காரணம் நாம் முதலாண்டில் படித்த வெப்ப விரிவிலேயே இருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வார்ப்பிரும்பு ஒரு டிகிரி வெப்பம் ஏறும்போது தன் நீளத்தில் பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 11 பங்கு நீளும். 600 மி.மீ. நீளமுள்ள மேனிபோல்டு 500 டிகிரி வெப்பம் ஏறினால் 3.3 மி.மீ. நீளும். அது பொருந்தியிருக்கும் எஞ்சின் பகுதியோ நீரால் குளிர்விக்கப்படுவதால் 70 டிகிரி அளவுதான் ஏறும்; அது நீள்வது அரை மி.மீ.கூட இல்லை. ஆக, ஒவ்வொரு முறை வண்டி சூடாகும்போதும் மேனிபோல்டு எஞ்சினைவிட ஏறத்தாழ 2.8 மி.மீ. அதிகமாக நீள்கிறது, ஆறும்போது மீண்டும் சுருங்குகிறது. இரு முனைகளிலும் அது கேஸ்கட்டின் மேல் முன்னும் பின்னும் தேய்கிறது. தேய்வதற்கு இடம் இல்லாதபடி போல்ட் துளைகள் இறுக்கமாக இருந்தால், நீள முடியாத இரும்பு வளைகிறது. வளைந்த முகத்துக்கும் எஞ்சினுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி உண்டாகிறது. அவ்வழியே பாயும் நெருப்பு வாயு, எவ்வளவு விலையுயர்ந்த கேஸ்கட்டையும் அரித்துவிடும். கசிவு பெரும்பாலும் நடுவில் தொடங்காமல் முனைகளில் தொடங்குவது இதனாலேயே.

இதற்கு முறையான வைத்தியம் என்ன? முதலில், கழற்றிய மேனிபோல்டின் முகத்தில் நேரான எஃகுச் சட்டத்தை வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் நுழைகிறதா என்று எல்லா இடத்திலும் பார்க்க வேண்டும். எஞ்சின் பக்கத்து முகத்தையும் அவ்வாறே பார்க்க வேண்டும். வளைவு இருந்தால் சீவிச் சமமாக்க வேண்டும். பழைய கேஸ்கட்டின் கரியைச் சுரண்டி நீக்க வேண்டும். நீண்டு தளர்ந்துபோன ஸ்டட்டுகளையும் மரை தேய்ந்த நட்டுகளையும் மாற்ற வேண்டும். துளைகளில் இரும்பு விரிந்து நகர இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நட்டுகளை ஒரே மூச்சில் முடுக்காமல், நடுவிலிருந்து தொடங்கி முனைகளை நோக்கி, இரண்டு மூன்று சுற்றுகளாகச் சமமாக முடுக்க வேண்டும். முதல் ஓட்டத்துக்குப் பின் ஆறவிட்டு, கேஸ்கட் செய்தவர் சொல்லும் முறைப்படி மீண்டும் சரிபார்க்க வேண்டும்.

இத்தனையும் செய்த பின்னரும் கசிந்தால், கண்ணை இணைப்பிலிருந்து எடுத்துச் சற்றுத் தள்ளிப் பார்க்க வேண்டும். சைலன்சர் குழாயைத் தாங்கும் பட்டை அறுந்திருந்தால், குழாயின் பாரம் முழுவதும் அந்தக் கேஸ்கட்டின் மேல்தான் தொங்கும். எஞ்சினைத் தாங்கும் ரப்பர் நைந்திருந்தால், எஞ்சின் ஒருபுறம் ஆட, குழாய் மறுபுறம் இழுக்கும். கசிவது ஓரிடம், காரணம் இருப்பது வேறிடம்.

லே மான் தந்த பாடங்கள்

காரணத்தைத் தேடும் இந்தக் குணத்தைச் சோதித்துப் பார்க்கும் களமாக அமைந்தது பிரான்சு நாட்டின் லே மான் பந்தயம். 24 மணி நேரம் இடைவிடாது ஓட வேண்டும். 1923-இல் அது முதன்முதலாக நடந்தபோது, ஜான் டஃப் என்பவர் தம் சொந்த முயற்சியில் பெண்ட்லி காரைக் கொண்டு சென்றார். எந்தக் காரும் இந்த ஓட்டத்தைத் தாங்காது என்று பெண்ட்லி எண்ணினார். ஆனாலும் மனம் கேளாமல் கடைசி நேரத்தில் பார்க்கப் போனார். பாதையிலிருந்து தெறித்த கற்கள் காரின் முன்விளக்கை உடைத்தன. பெட்ரோல் தொட்டியையும் துளைத்தன. வண்டி வழியில் நின்றது. டஃப் கால்நடையாக ஓடி வந்து செய்தி சொல்ல, உடன் ஓட்டுநர் கிளெமென்ட் ஒரு சைக்கிளை இரவல் வாங்கி, பெட்ரோலைச் சுமந்துகொண்டு மிதித்துச் சென்று, துளையை அடைத்துக் காரை மீட்டு வந்தார். இத்தனைக்குப் பிறகும் நான்காம் இடம் கிடைத்தது.

அடுத்த ஆண்டு கார் திரும்பி வந்தபோது, விளக்குகளின் முன் கம்பி வலை இருந்தது; தொட்டிக்குக் கல் படாத காப்பு இருந்தது; முன் சக்கரங்களுக்கும் பிரேக் இருந்தது. 1924-இல் டஃப்பும் கிளெமென்ட்டும் வெற்றி பெற்றனர். கல்லைக் குறை கூறிக்கொண்டு இருந்திருந்தால் அந்த வெற்றி கிட்டியிராது.

வெற்றியே தொடரவில்லை. 1925-இல் ஒரு கார் பெட்ரோல் தீர்ந்து பாதியில் நின்றது. பெட்ரோல் செலவைக் கணக்கிட்டபோது காரின் மேற்கூரையை மடக்கிவைத்து ஓட்டிப் பார்த்திருந்தனர். பந்தய விதிப்படி தொடக்கச் சுற்றுகளில் கூரையை விரித்து ஓட்ட வேண்டியிருந்தது. விரித்த கூரை காற்றை எதிர்த்தது. எஞ்சின் கூடுதலாகக் குடித்தது. ஆய்வுக்கூடத்தில் ஒரு நிபந்தனையை மறந்துவிட்டு விடை தவறியதே என்று திகைக்கும் நம் போன்ற மாணவர்க்கு இது ஆறுதலும் எச்சரிக்கையும் ஆகும்.

1927-இல் இரவு நேரத்தில் ஒரு திருப்பத்தில் கார்கள் ஒன்றோடொன்று மோதின. பெண்ட்லி அணியின் மூன்று கார்களும் அதில் சிக்கின. இரண்டு அங்கேயே முடிந்தன. மூன்றாவது கார், சட்டம் வளைந்து, ஒற்றை விளக்கோடு இரவைக் கடந்து, மறுநாள் முதலாவதாக வந்தது. டாக்டர் பெஞ்சஃபீல்ட், டேவிஸ் ஆகிய இருவர் அதை ஓட்டினர். லண்டன் சவாய் ஓட்டலில் நடந்த வெற்றி விருந்துக்கு அந்த அடிபட்ட காரையே அழைத்து வந்து நடுவில் நிறுத்தினராம். 1928-இல் வென்ற காரின் சட்டம் பந்தயத்தின் இறுதியில் வெடித்து, தண்ணீர் வடிந்துபோயிற்று. ஓட்டிய பர்னாட்டோ எஞ்சினைச் சாகவிடாமல் மெல்ல மெல்ல ஓட்டி வந்து எல்லையைக் கடந்தார். 1929-இல் முதல் நான்கு இடங்களும் பெண்ட்லிக்கே. 1930-இல் மீண்டும் முதல் இரண்டு இடங்கள். ஐந்து வெற்றிகளோடு அப்பெயர் உலகெங்கும் பரவியது.

ஊதினால் வேகம் வருமா?

இந்தப் புகழின் நடுவே ஒரு கருத்து வேறுபாடும் எழுந்தது. பர்கின் என்ற வீரமிக்க பந்தய ஓட்டுநர், நாலரை லிட்டர் எஞ்சினில் சூப்பர்சார்ஜர் பூட்டிக் காற்றை அழுத்தி ஊதினால் வேகம் கூடும் என்றார். பெண்ட்லி அதை விரும்பவில்லை. தாங்கும் அளவுக்கு மேல் எஞ்சினை வருத்துவதைவிட, எஞ்சினையே பெரிதாக்குவது மேல் என்பது அவர் கொள்கை. ஆயினும் நிறுவனத்தில் பணம் போட்டவர் பர்னாட்டோ. அவர் இணங்கியதால் பெண்ட்லியின் சொல் நிற்கவில்லை. சூப்பர்சார்ஜர் கார்கள் மொத்தம் 55 செய்யப்பட்டன. பார்ப்பதற்கும் கேட்பதற்கும் அவற்றைப் போன்ற கார் வேறில்லை. ஆனால் 1930 லே மான் பந்தயத்தில் இறங்கிய இரண்டும் ஓட்டத்தை முடிக்காமலே விலகின. வென்றது ஊதாமல் ஓடிய ஆறரை லிட்டர் கார். அதற்காக பர்கினைக் குறைத்து மதிப்பிடலாகாது. அதே ஆண்டு பிரெஞ்சுப் பெரும் பந்தயத்தில் அதே ஊதும் காரோடு இரண்டாம் இடம் பெற்றவர் அவர். ஒரு சுற்றின் வேகம் வேறு. ஒரு நாளின் உழைப்பு வேறு என்பதே இதனால் அறியத் தக்கது.

வீழ்ச்சி

இயந்திரத்தின் கசிவுகளை அடைத்தவரால் பணத்தின் கசிவை அடைக்க முடியவில்லை. தொடக்கம் முதலே நிறுவனம் முதலீடு போதாமல் தவித்தது. 1926-இல் பர்னாட்டோவின் செல்வம் வந்து காத்தது. 1929-இல் தொடங்கிய உலகப் பொருளாதார நெருக்கடியில் விலையுயர்ந்த கார்களை வாங்குவோர் அருகினர். 1931-இல் பர்னாட்டோ கைவிட, நிறுவனம் கடனில் மூழ்கியது. நேப்பியர் நிறுவனம் வாங்கிக்கொள்ளும் என்று பெண்ட்லி நம்பியிருந்தார். ஆனால் வேறொரு பெயரின் பின்னால் நின்ற ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனம் கூடுதல் விலை கேட்டு எடுத்துக்கொண்டது. தம் பெயரைத் தாங்கிய காரை வடிவமைக்கும் உரிமை அன்றோடு அவரிடமிருந்து போயிற்று. வாங்கியவர்களிடமே ஊழியராகச் சில ஆண்டுகள் இருந்தார். படைப்பு வேலை எதுவும் அவருக்குத் தரப்படவில்லை. சொத்தை இழப்பதைவிடச் சொந்தக் கைவேலையை இழப்பது கொடிது என்பதை எந்தத் தொழிலாளியும் அறிவான்.

ஆயினும் அவர் முடங்கிவிடவில்லை. 1935-இல் லகோண்டா நிறுவனத்தில் சேர்ந்து, 12 சிலிண்டர் எஞ்சின் ஒன்றைப் படைத்தார். அதனைத் தாங்கிய கார்கள் 1939 லே மானில் மூன்றாம், நான்காம் இடங்களைப் பெற்றன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அவர் மேற்பார்வையில் உருவான 2.6 லிட்டர் எஞ்சின், 1947-இல் அந்நிறுவனத்தை டேவிட் பிரவுன் வாங்கியதன் வழியாக ஆஸ்டன் மார்ட்டின் கார்களுக்குச் சென்று புகழ் சேர்த்தது. தம் வாழ்க்கையைத் தாமே எழுதி 1958-இல் நூலாக வெளியிட்டார். பழைய பெண்ட்லி கார்களைப் பேணுவோர் கூடி அமைத்த சங்கம் அவரைத் தம் மூத்தவராகப் போற்றியது. 1971 ஆகஸ்டு 13-ஆம் நாள், 82 வயது நிறைந்த நிலையில், அவர் மறைந்தார். கிரிக்கிள்வுட் தொழிற்சாலையில் அவர் காலத்தில் செய்யப்பட்டவை ஏறத்தாழ மூவாயிரம் கார்களே. அவற்றில் பல இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

நாம் கற்க வேண்டியது

இவ்வரலாற்றைப் படித்து முடித்த இரவு, வெப்ப விரிவுக் கணக்கை ஒரு தாளில் போட்டுத் தந்தையாரிடம் காட்டினேன். எண்களை அவர் பார்க்கவில்லை. நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டார். பிறகு, மேனிபோல்டு சூட்டில் நீண்டு ஆறும்போது சுருங்கும் என்பதும், நட்டை நடுவிலிருந்து முடுக்க வேண்டும் என்பதும் தமக்குப் பையனாகப் பட்டறைக்கு வந்த நாளிலிருந்தே தெரியும் என்றார். எத்தனை மி.மீ. என்பது மட்டும் இன்றுதான் தெரிந்தது என்று சிரித்தார். ஏடு படித்தவன் கற்றுக்கொடுக்க வந்தேன்; கற்றுக்கொண்டு திரும்பினேன்.

நான்காம் முறை அந்த லாரி வந்தபோது, தந்தையார் மேனிபோல்டைக் கழற்றி, நேர்ச்சட்டத்தை வைத்து, ஃபீலர் கேஜை உரிமையாளர் கையிலேயே கொடுத்து நுழைத்துப் பார்க்கச் சொன்னார். முனையில் அது தடையின்றி நுழைந்தது. உரிமையாளர் அதன்பின் ஒன்றும் பேசவில்லை. லேத்துக்குக் கொண்டுபோகச் சம்மதித்தார். அன்று பலர் நடுவே சொன்ன சொல்லை அவர் திரும்பப் பெறவில்லை; பழைய கூலியும் வரவில்லை. ஆனால் கேஸ்கட் இதுவரை எரியவில்லை.

அன்பார்ந்த தோழர்களே! நம்மில் பலர் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்திருக்கிறோம். படித்தவன் சொல்வதே அறிவு, பாடுபடுகிறவன் சொல்வது வெறும் அனுபவம் என்ற எண்ணம் நம்மை அறியாமலே நமக்குள் புகுந்துவிடுகிறது. கரியள்ளிப் போட்ட பிறகு கல்லூரிக்குச் சென்ற பெண்ட்லியின் வாழ்க்கை அந்த எண்ணத்தை மாற்றிக்கொள்ளச் சொல்கிறது. ஆய்வுக்கூடத்தில் விடை தவறினால், எண்ணைத் திருத்தி எழுதாமல், தவறு எங்கே தொடங்கியது என்று பார்ப்போம். வீட்டிலும் ஊரிலும் ஒரே தொல்லை மீண்டும் மீண்டும் வந்தால், புதுக் கேஸ்கட்டை வாங்க ஓடுமுன், முகம் சமமாக இருக்கிறதா என்று ஒரு முறை சட்டத்தை வைத்துப் பார்ப்போம். அச்சட்டத்தைச் சரியாகப் பிடிக்கத் தெரிந்தவர் நம் வீட்டிலேயே இருக்கக் கூடும். அவரிடம் முதலில் கேட்போம்.